பிரேமலாவின் ஆறு சனிக்கிழமைகள்

“வீசுங்க. இன்னும் தூரமா. வாயத் தொறந்து கத்திக்கிட்டே வீசுங்க.”

சனிக்கிழமை மாலை நாலே கால் மணி. சிம்பாங் ரெங்கத்தில் எங்கள் தாமான் குடியிருப்பின் பொது மண்டபம். ஒன்பது பெண்கள் வரிசையாக நின்று, தோளில் மாட்டி வந்த தங்கள் கைப்பையைக் கழற்றி மண்டபத்தின் கோடிக்கு எறிகிறார்கள். எறிந்த கையோடு எதிர்ப்பக்கம் வாசலை நோக்கி ஓடுகிறார்கள். சீப்பும் மருந்துச் சீட்டும் சிமெண்டுத் தரையில் சிதறுகின்றன. புதிதாக வந்தவர்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பிரேமலா சிரிப்பதில்லை.

“லோஷினி, பையை விட்டீங்க, சரி. ஏன் திரும்பிப் பாக்கறீங்க? அது போச்சு லா. நீங்க ஓடுங்க.”

பையை எடுத்து வந்து மறுபடி எறியச் சொல்கிறார். ஆளுக்குப் பத்துத் தடவை. இந்தப் பாடம் இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருடைய வகுப்பில் கிடையாது.

பிரேமலாவுக்கு நாற்பத்தொரு வயது. தொழில், வேன் ஓட்டுவது. வாரத்தில் ஐந்து நாள், விடிவதற்கு முன் எங்கள் தாமானிலும் பக்கத்துக் கம்பத்து வீடுகளிலும் பெண்களை ஏற்றிக்கொண்டு, குளுவாங் போகும் வழியில் உள்ள ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் விடுவார். பிற்பகல் மூன்று மணிக்கு வேலை முடிந்ததும் திரும்பக் கொண்டுவருவார். ஆட்கள் ஏறியதும் “சத்து, டுவா, தீகா” என்று மலாயில்தான் எண்ணுவார். தமிழில் எண்ணினால் நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்து எண்ணிக்கை தப்பிவிடுகிறதாம். இடது கையில் ஆண்கள் கட்டுகிற பெரிய கடிகாரம். கியர் பக்கத்தில் ஒரு டப்பா நிறைய அவித்த கடலை. உரித்த தோலைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வாரே தவிர, சன்னலுக்கு வெளியே எறிய மாட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்பவர்களிடம் “காடிக்கு ரோட் டேக்ஸ் எடுக்கவே எனக்கு நேரம் பத்தல” என்று பேச்சை முடித்துவிடுவார்.

குடியிருப்பாளர் சங்கத்தின் செயலாளர் என்பதால் மண்டபத்துச் சாவி என்னிடம் இருக்கும். பாலர் பள்ளியில் பாடம் நடத்துகிறவள் என்பதால் அவருக்கு நான் டீச்சர். நான் கற்றுக்கொள்ளப் போனதில்லை. கதவைத் திறந்துவிட்டு, மூடும்வரை வாசலோரம் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

வகுப்பு ஆரம்பித்ததற்கும் அந்த வேன்தான் காரணம். வேனிலிருந்து இறங்கிய ஒரு பெண்ணை யாரோ ஒருவன் வீட்டு வாசல்வரை பின்தொடர்ந்திருக்கிறான். மறுநாள் வேனில் அதே பேச்சு. “பிரேமா, ஒனக்கு அடிக்கத் தெரியுமாமே, எங்களுக்கும் சொல்லிக் குடேன்” என்று ஒருத்தி கேட்க, அடுத்த சனிக்கிழமை ஏழு பேர் மண்டபத்துக்கு வந்துவிட்டார்கள்.

ஒரு சுற்றுக்கு ஆறு சனிக்கிழமைகள். வாரத்துக்கு ஒரு கலை, ருசி பார்க்கிற அளவுக்கு. “நாசி சம்புர் சோத்துக் கடை மாதிரி டீச்சர். எல்லாத்துலயும் ஒரு கரண்டி. எது ஒத்துக்குதோ, அதுக்குன்னு ஒரு நல்ல மாஸ்டரைத் தேடிப் போய்ப் படிக்கட்டும்” என்பார். முதல் வாரம் கராத்தே. நேர்க்கோட்டில் குத்து, ஒரு கை போகிற வேகத்தில் மறு கை இடுப்புக்குத் திரும்பியாக வேண்டும். இரண்டாவது டேக்வாண்டோ. அது முழுக்கக் கால் வேலை. எங்கள் பெண்கள் கூச்சம் விட்டு முழங்காலை இடுப்பு உயரம் தூக்குவதற்கே அரை மணி நேரம் ஆகிவிடும். மூன்றாவது ஜூடோ. அதில் அடி கிடையாது, பிடிதான். எதிராளியின் பாரத்தை வைத்தே எதிராளியைச் சாய்க்க வேண்டும். அதற்கு முன்னால் அடிபடாமல் விழத் தெரிய வேண்டும். நான்காவது சிலாட், மலாய்க்காரர்களின் கலை. உடம்பைத் தரைக்குப் பக்கத்தில் இறக்கி, பக்கவாட்டில் நழுவுவது. ஐந்தாவது சிலம்பம். கம்பு சுழல்கிறவரை யாரும் கிட்டே வர முடியாது. “கம்பைத்தானே ரோட்ல தூக்கிட்டுப் போக முடியாது, குடை இருக்கில்ல” என்று குடையை வைத்தும் காட்டுவார். ஆறாவது வாரத்துக்குப் பெயர் இல்லை. பின்னாலிருந்து கட்டிப் பிடித்தால், மணிக்கட்டைப் பிடித்தால், முடியைப் பிடித்து இழுத்தால் என்ன செய்வது என்று அன்றைக்குப் பார்ப்பார்கள்.

எதிலும் அவர் கறுப்பு பெல்ட் வாங்கியதில்லை. அதை முதல் நாளே சொல்லிவிடுவார். கராத்தே பள்ளிக்கூடத்தோடு நின்றது. டேக்வாண்டோ மாஸ்டர் சிங்கப்பூருக்கு வேலை தேடிப் போய்விட்டார். ஜூடோவில் தோள்பட்டை விலகிவிட்டது. சிலாட்டைப் பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா ஒருவர் தம் வீட்டுப் பின்கட்டில் சொல்லிக் கொடுத்தார். சிலம்பத்துக்காகச் சாஆ என்ற ஊர் வரை போய், சுகுமாறன் என்ற ஆசானிடம் ஒரு வருஷம் நின்றார். “எல்லாத்துலயும் நான் அரைகுறை. ஆனா தெரியாததத் தெரியும்னு சொல்ல மாட்டேன்” என்பார்.

அந்த முதல் ஏழு பேரில் மூத்தவர் சந்திரமதி. ஐம்பத்து நான்கு வயது. பதினெட்டு வருஷம் தோட்டத்தில் செம்பனைக்குப் புல் மருந்து அடித்தவர். தோட்டத்தை விட்டு வந்த பிறகு அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் சேர்ந்தார். கணவர் செல்லப்பன் அதே தோட்டத்தில் குலை வெட்டியவர்; முட்டி தேய்ந்து வீட்டோடு இருக்கிறார். பிள்ளைகள் இல்லை. சந்திரமதி கராத்தேயில் குத்துவதற்குப் பதிலாகத் தட்டுவார். டேக்வாண்டோவில் கால் தூக்கினால் விழுந்துவிடுவார். ஆனால் சிலாட்டில் தரையோடு தரையாக உட்கார்ந்து நகர்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஜூடோ வாரத்தில் அவர் பிடித்தால் பிடித்ததுதான்.

அந்த வாரம் பிரேமலா ஒரு விளையாட்டு வைத்தார். ஒரு கைப்பையை இருவர் பிடித்து இழுக்க வேண்டும். “கட்டை விரலை நம்பாதீங்க. சுண்டு விரல்ல இருந்து இறுக்குங்க. விடாதீங்க” என்று சொல்லிக் கொடுத்தார். சந்திரமதி ஆறு பேரையும் ஒருவர் பின் ஒருவராக இழுத்துத் தள்ளினார். கடைசியில் பிரேமலாவே போய் இழுத்துப் பார்த்துத் தோற்றார். மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டு, “அக்கா, ஒங்ககிட்ட இருந்து எவனும் பையைப் புடுங்க முடியாது” என்றார். சந்திரமதி முகம் அன்றைக்கு மலர்ந்த மாதிரி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஏழு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை, பிற்பகல் மூன்றே முக்கால். தாமான் முனையில் சந்திரமதியை இறக்கிவிட்டு, பிரேமலா வேனை நகர்த்தினார். பக்கக் கண்ணாடியில் ஒரு மோட்டார் சைக்கிள் தெரிந்தது. அதில் இரண்டு பேர். பின்னால் இருந்தவன் எட்டிப் பையைப் பிடித்தான். சந்திரமதி விடவில்லை. வண்டி நிற்கவும் இல்லை. இருபதடி தூரம் இழுபட்டுப் போய், ரோட்டோர லோங்காங் வடிகாலின் சிமெண்டு விளிம்பில் தலை மோதியது. அவர்கள் போய்விட்டார்கள். பை போகவில்லை.

பிரேமலா வேனை நடுரோட்டில் விட்டுவிட்டு ஓடினார். “இத்தனை வருஷம் படிச்சது ஒண்ணுமே ஞாபகம் வரல டீச்சர். தலையைத் தூக்கி மடியில வெச்சிக்கிட்டேன். அவ்வளவுதான். பையோட வார் கையிலயே இருந்துச்சு. சுண்டு விரல்ல இருந்து இறுக்கிப் புடிச்சிருந்தாங்க. நான் காட்டுன அதே பிடி.”

பைக்குள் இருந்தவை ஒரு சோற்று டப்பா, மூக்குக்கண்ணாடி, அடையாள அட்டை, செல்லப்பனின் முட்டிக்குத் தடவும் தைலம்.

ஒன்பது நாள் கண் திறக்காமல் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டுச் சந்திரமதி போய்ச் சேர்ந்தார். மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் இன்றுவரை பிடிபடவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: பையை விட்டிருக்கலாம். பிரேமலாவை யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அந்தப் பிடியைச் சொல்லிக் கொடுத்தது அவர் என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்த ஆறு பேரும் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்தன்று, பந்தி நடந்துகொண்டிருக்கும்போது, பிரேமலா செல்லப்பன் முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தார்.

“அண்ணே, விடாதீங்கன்னு அக்காவுக்குச் சொல்லிக் குடுத்தது நான்தான். மண்டபத்துல. பையை வெச்சே சொல்லிக் குடுத்தேன். விடச் சொல்லிக் குடுத்திருக்கணும். குடுக்கல.”

செல்லப்பன் நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்து, நொண்டிக்கொண்டே பின்கட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பிரேமலா சாப்பிடாமல் கிளம்பினார்.

அன்றோடு வகுப்பு நின்றது. வேன் மட்டும் ஓடியது. தாமான் முனையில் இறக்கிவிடும் வழக்கத்தை விட்டுவிட்டார். ஒவ்வொருவரையும் அவரவர் வாசலில் இறக்கி, கேட்டைப் பூட்டும் சத்தம் கேட்ட பிறகுதான் நகர்வார். அதனால் கடைசிப் பெண் வீடு போய்ச் சேர அரை மணி நேரம் தாமதமாகும். யாரும் முணுமுணுக்கவில்லை. காலையில் எண்ணும்போது சில நாள் எண்ணி முடித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து எண்ணுவார் என்று ரூபினி என்ற பெண் என்னிடம் சொன்னாள். கடலை டப்பா காலியாகவே கிடந்ததாம். செல்லப்பன் வீட்டைக் கடக்கும்போது வேன் மெதுவாகும். முன்பெல்லாம் வாசலில் உட்கார்ந்து கையசைக்கிறவர், அந்த ஐந்து மாதமும் வேன் வரும் நேரத்தில் உள்ளே போய்விடுவார்.

ஐந்தாம் மாதக் கடைசியில் செல்லப்பன் என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே சந்திரமதி வகுப்புக்குப் போட்டுப் போகும் கறுப்பு டி-சட்டை, துவைத்து மடித்திருந்தது.

“மண்டபத்துச் சாவி ஒங்ககிட்டதானே இருக்கு? சனிக்கிழமை தொறக்கறீங்களா? பிரேமாவையும் வரச் சொல்லுங்க.”

பிரேமலா சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து நின்றார். திட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்ததாகப் பிறகு சொன்னார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாராம். செல்லப்பன் நான் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டார்.

“சனிக்கிழமை ஆனா ரெண்டு மணிக்கே கெளம்பி நிப்பா. வீட்டுக்கு வந்தா என்னென்னமோ பேரு சொல்லுவா. எனக்கு ஒண்ணும் புரியாது. கேட்டுக்கவும் மாட்டேன். இங்க என்னதான் செஞ்சா மா? காட்டு.”

பிரேமலா செருப்பைக் கழற்றிவிட்டு மண்டபத்தின் நடுவில் போய் நின்றார். ஐந்து மாதமாக எதுவும் செய்யாத உடம்பு. கராத்தே குத்து ஐந்தாறு. டேக்வாண்டோ உதை மூன்று. நடுவில் ஒரு தடவை தடுமாறினார். ஜூடோவுக்கு ஆள் இல்லாததால் விழுவதை மட்டும் காட்டினார். இடப்பக்கம் விழுந்து தரையில் கையை அறைந்தார், வலப்பக்கம் விழுந்து அறைந்தார். செல்லப்பன் கண் கொட்டாமல் பார்த்தார்.

“அவளுக்கு இதுல எது நல்லா வந்துச்சு?”

பிரேமலா சிலாட்டுக்கு இறங்கினார். ஒரு காலை மடக்கி, மறு காலை நீட்டி, தரையோடு ஒட்டிப் பக்கவாட்டில் போனார். செல்லப்பன் வாயில் கையை வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று எனக்கு முதலில் தெரியவில்லை.

“வீட்டுல கட்டிலுக்கு அடியில கூட்டச் சொன்னா இடுப்பு புடிச்சிக்குதும்பா. அலமாக், இங்க வந்து இப்படியா உருண்டா?”

பிரேமலாவுக்கும் சிரிப்பு வந்தது. இருவரும் சிரித்தார்கள். பிறகு இருவரும் நிறுத்தினார்கள்.

சிலம்பத்துக்கு மண்டபத்தில் இருந்த துடைப்பக் கம்பை எடுத்துச் சுழற்றினார். ஆறாவது வாரம் வந்ததும் கை தாழ்ந்தது.

“இது ரெண்டு பேர் சேந்து செய்யறதுண்ணே. ஆள் வேணும்.”

“தெரியும்” என்றார் செல்லப்பன். “ஒரு நாள் வந்து, ஏங்க, என் கையை இறுக்கிப் புடிங்க, எப்படிக் கழட்டறேன் பாருங்கன்னா. டிவி பாத்துக்கிட்டு இருந்தேன். அப்புறம் பாக்கலாம் போன்னுட்டேன். ரெண்டு தடவை கேட்டா. அப்புறம் கேக்கல.”

பையை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தார். முட்டியை ஊன்றி ஊன்றி நடுமண்டபத்துக்கு வந்து, வலக்கையை நீட்டினார்.

“எப்படிக் கழட்டுவா? காட்டு.”

“கட்டை விரல் பக்கம் பிடி பலவீனமா இருக்கும்ணே. அந்தப் பக்கமாத் திருப்பி உருவணும். ஒரு நொடி வேலை. பெரிய பலம் தேவையில்ல.”

அவர் பிரேமலாவின் மணிக்கட்டைப் பிடித்தார். ஆயிரக்கணக்கில் குலை வெட்டிய கை. காய்ப்பு ஏறிய விரல்கள் அந்தப் பெரிய கடிகாரத்தையும் சேர்த்து வளைத்துக்கொண்டன. தலை குனிந்துவிட்டது. பிடி மட்டும் தளரவில்லை.

பிரேமலா மணிக்கட்டைத் திருப்பவில்லை. அவர் தாமாக விடும்வரை, கையை அப்படியே கொடுத்துவிட்டு நின்றார்.