கொழுந்தனாரின் ஓட்டம்

மலேசியாவில், பகாவுக்கு அருகிலிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்து மண்டபத்தில் என் கொழுந்தனார் ரத்தம் கொடுத்தபோது, சன்னல் ஒவ்வொன்றிலும் தலைகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. கட்டிலில் படுத்திருந்தவர் எங்கள் லயத்து வீட்டு வரிசையிலேயே பிறந்து வளர்ந்து, மாநிலக் குழுவில் சம்பளத்துக்குக் கால்பந்து விளையாடப் போனவர். தொலைக்காட்சியில் முகம் வந்தவர். பக்கத்துக் கட்டில்களில் அவரோடு ஆடும் மூன்று பேர்: இரண்டு மலாய்க்காரர்கள், ஒரு சீனர். குழாய் வழியே ரத்தம் இறங்குவதைப் பார்த்த பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அன்று அந்த நால்வரைத் தவிர வேறு யாரும் கட்டிலில் ஏறவில்லை.

எல்லாம் என் மகளிடமிருந்து தொடங்கியது. அவளுக்குத் தலசீமியா. உடம்பு தானாக நல்ல ரத்தம் ஊறவிடாது. மாதாமாதம் மருத்துவமனையில் ஏற்றியாக வேண்டும். பெற்ற எங்கள் இருவரிடமும் அந்தக் குறையின் சாயல் இருந்ததால் எங்களிடம் ரத்தம் எடுக்க மறுத்துவிட்டார்கள். தொண்ணூறுகளில் சில மாதங்கள் இருப்பில் ரத்தம் இருக்காது. வெளுத்த உதட்டோடு தோளில் சாய்ந்திருக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே பஸ் ஏறுவோம். அதே நோயுள்ள ஒரு பையனின் அம்மா, மலாய்க்காரப் பெண், என்னோடு மருத்துவமனை பெஞ்சில் உட்கார்ந்து எத்தனையோ முறை அழுதிருக்கிறாள்.

ஒருநாள் கொழுந்தனாரின் குழு மருத்துவமனைக்கு அந்தப் பிள்ளைகளைப் பார்க்கப் பந்தும் தொப்பியும் எடுத்துக்கொண்டு வந்தது. படம் பிடித்தார்கள். என் மகள் மடியில் வைத்த பந்து உருண்டு விழுந்தது. அதைப் பிடிக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை. கொழுந்தனார் தாதியிடம் வேறென்ன வேண்டும் என்று கேட்டார். "பந்தைவிட ரத்தம் கொண்டு வந்தா புண்ணியமா போகும்," என்று அந்தத் தாதி மலாயில் சொன்னார். அந்தச் சொல்தான் ரத்தம் எடுக்கும் வண்டியை எங்கள் தோட்டத்துக்குக் கொண்டுவந்தது.

ஆனால் ஜனங்களுக்குப் பயம். வேலைக்காட்டில் எங்களை மேய்த்த மண்டோர் எல்லார் சார்பிலும் பேசினார். "இந்தப் பந்தாடுறவனுங்களுக்குக் கோழியும் முட்டையும் வெச்சுப் போடுறாங்க. நமக்கு யாரு லா போடுறா? ரத்தத்தக் கொடுத்துட்டு விடியக்காலம் எப்படிப் பால்மரம் வெட்டுறது?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. கொழுந்தனார் கோபப்படவில்லை. "வர்ற சனிக்கிழமை சிரம்பான்ல ஆட்டம் இருக்கு. வந்து பாருங்க மண்டோர். நான் மூச்சு வாங்கி உக்காந்துட்டா நீங்க சொல்றதுதான் சரி," என்றார்.

மண்டோர் போனதும் கொழுந்தனாரை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "எதுக்குத் தம்பி இப்படி வாய் கொடுத்தீங்க? ஆட்டம் சரியில்லேன்னா ரத்தத்து மேலயே பழியப் போட்டுருவாங்க."

"போடட்டும் அண்ணி. சும்மா சொன்னா நம்ப மாட்டாங்க லா."

பயிற்சியாளர் ஆடவே விடமாட்டேன் என்றாராம். மருத்துவர் பார்த்துச் சரியென்ற பிறகுதான் இறக்கினார். தோட்டத்திலிருந்து இரண்டு லாரி நிறைய ஆட்கள் போனோம். முதல் பாதியிலேயே கொழுந்தனாருக்குக் கோல் முன்னால் பந்து கிடைத்தது, வெளியே அடித்துவிட்டார். "பாத்தியா, காலு நிக்கல," என்று பின்னாலிருந்து ஒரு குரல். எதிரணி ஒரு கோல் போட்டது. நான் திடலைப் பார்க்காமல் மகளின் கையையே பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஆட்டம் முடியும் தறுவாயில் எங்கள் குழுவினர் எல்லாரும் முன்னேறியிருந்தபோது எதிரணிக்காரன் ஒருவன் பந்தோடு பிய்த்துக்கொண்டு ஓடினான். கோல்காரரையும் ஏமாற்றிவிட்டான். கொழுந்தனார் எதிரணிக் கோல் இருந்த கோடியில் நின்றவர். மற்றவர்கள் இடுப்பில் கைவைத்து நின்றுவிட, அவர் மட்டும் திடல் முழுவதையும் ஓடிக் கடந்து, கோட்டைத் தாண்டப்போன பந்தைச் சறுக்கி விழுந்து தட்டிவிட்டார். எழுந்தவர் சட்டையை உதறிவிட்டு மறுபடியும் ஓடினார். மண்டோர் பெஞ்சின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார்.

ஆட்டத்தில் தோற்றுத்தான் போனோம்.  லாரியில் மண்டோர் பொதுவாகச் சொன்னார்: "தோத்தா என்ன லா. அந்த ஓட்டத்தப் பாத்தீங்கல்ல? அவன் உடம்புல ஒண்ணும் குறையல."

அடுத்த முறை வண்டி வந்தபோது முதல் ஆளாகச் சட்டைக் கையை மடித்துவிட்டுப் படுத்தவர் அவர்தான். முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருக்குப் பின்னால் வரிசை மண்டபத்தைத் தாண்டிக் கோயில் வாசல்வரை நின்றது. அந்த மலாய்க்காரத் தாய் ஒரு கூடை நிறையப் பலகாரம் செய்து கொண்டுவந்து, ரத்தம் கொடுத்து எழுந்த ஒவ்வொருவர் கையிலும் வைத்தாள். கொழுந்தனார் ஒரு மூலையில் நின்று கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தார். எத்தனையோ வெற்றிக் கோப்பைகளை அவர் தூக்கிப் பிடித்து நான் பார்த்திருக்கிறேன். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது அன்றைக்குத்தான்.

தோட்டம் இப்போது இல்லை. மகள் நீலாயில் கணக்கராக வேலை செய்கிறாள். இன்றும் மாதாமாதம் ரத்தம் ஏற்றிக்கொள்கிறாள். போன மாதம் மருத்துவமனையிலிருந்து வந்ததும் கொழுந்தனாருக்குப் போன் போட்டாள். முட்டி தேய்ந்து அவர் கம்பு ஊன்றி நடக்கும் காலம் இது.

"சித்தப்பா, இன்னிக்கு யாரு ரத்தமோ தெரியல. பந்து ஆடுற ஆளாத்தான் இருக்கணும் லா. காலு ரெண்டும் வீட்டுல நிக்க மாட்டேங்குது."

அந்தப் பக்கம் அவர் சிரித்த சிரிப்பு, சமையலறையில் நின்ற எனக்கே கேட்டது.