எரியாத அடுப்பின் எடை

விறகுக் கட்டிலிருந்து ஒரு குச்சியை உருவி, பட்டையை நகத்தால் கீறிப் பார்க்கிறார் இன்னாசியம்மாள். பச்சை தெரிந்தால் கட்டைத் தள்ளி வைத்துவிடுவார். "ஈர வெறகு தண்ணியையும் சேத்துக் காட்டும்ங்க. காஞ்சதாக் கொண்டாங்க."

காய்ந்த கட்டை வில் தராசின் கொக்கியில் மாட்டித் தூக்கி, முள் ஆடி நிற்கும்வரை மூச்சை அடக்கிக்கொள்வார். எடையைப் படிவத்தில் எழுதுவார். வீட்டார் அந்தக் கட்டிலிருந்து மட்டுமே எரிக்க வேண்டும். மறுநாள் காலை மிச்சத்தை நிறுத்தால், அந்த அடுப்பின் ஒரு நாள் செலவு தெரிந்துவிடும்.

நல்லம்பள்ளிப் பக்கத்துக் கிராமங்கள் எவ்வளவு விறகு எரிக்கின்றன, அதற்கு ஈடாக எத்தனை சாண எரிவாயுக் கலன்கள் கட்டலாம், எவ்வளவு தரிசில் விறகு மரம் வளர்க்கலாம் என்று அறிய, அரசுப் பணத்தில் பல்கலைக்கழகம் நடத்தும் ஆராய்ச்சி இது. நாற்பது வயதில், எட்டாம் வகுப்புப் படிப்போடு, இன்னாசியம்மாள் அதில் கணக்கெடுக்கிறார்.

முதல் வாரம் யாரும் அவருக்கு விறகைக் கண்ணில் காட்டவில்லை. காட்டிலாகா ஆள் என்று பயம். "கேஸ் போடத்தான வந்திருக்க?" என்று கேட்டவர்களிடம், "அந்தக் கேஸ் இல்லீங்க, இது சாணி கேஸு" என்றார். சிரித்தவர்கள் விறகை எடுத்து வந்தார்கள்.

அந்த எண்பத்து மூன்றாம் ஆண்டில் மழை இல்லை. கோவிந்தம்மாள் வீட்டுக் கட்டு இரண்டு நாளாக எட்டு கிலோவிலேயே நின்றது. கூரைக்கு மேல் புகை மட்டும் வேளை தவறாமல் வந்தது. இன்னாசியம்மாள் இரண்டு நாளுக்கும் சைபர் எழுதினார்.

ஆராய்ச்சி உதவியாளர் தர்மன் அதை ஏற்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர் கையெழுத்திட்டால்தான் இன்னாசியம்மாளுக்கு வேலை நீடிக்கும்.

"ஆறு பேர் இருக்கற வீட்ல எப்படிம்மா சைபர் வரும்? தராசு கெட்டிருக்கும். மத்த வீட்டுச் சராசரியைப் போட்டுடுங்க."

"தராசு நல்லாத்தான் இருக்குதுங்க சார். அடுப்புதான் எரியல."

"புகை வருதே?"

"சருகைப் பத்த வெக்கறாங்க சார். அக்கம்பக்கம் பாக்குமில்லீங்களா?"

தர்மன் நேரில் பார்க்க வேண்டும் என்றார்.

"வாங்க சார். ஆனா அடுப்பப் பத்தி ஒரு வார்த்த கேக்கக் கூடாது."

ஆராய்ச்சியைப் பற்றி எழுத வந்திருந்த நானும் அவர்களோடு போனேன். தர்மன் கையோடு கொண்டுவந்த ஐந்து கிலோ எடைக்கல்லைத் தராசில் மாட்டினார். முள் ஐந்தில் நின்றது. அடுப்பில் சருகுச் சாம்பல் மட்டும் கிடந்தது. பானை கவிழ்ந்திருந்தது. கோவிந்தம்மாள் முந்தானையைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டு எங்கோ பார்த்தபடி நின்றார். தர்மன் எதுவும் கேட்காமல், படிவத்தில் இரண்டு சைபருக்கும் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த ஊருக்கு அச்சடித்த படிவத்தில் 'அடுப்பு எரியாத நாட்கள்' என்று ஒரு கட்டம் கூடியிருந்தது. அந்தக் கட்டத்தைப் பார்த்து யாரும் அரிசியோ கேழ்வரகோ அனுப்பியதாக நான் கேள்விப்படவில்லை.

அன்று நாங்கள் வெளியே வந்தபோது எதிர்வீட்டு முனியப்பன் தெருவில் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலு பேர்.

"ஆபீசரே வந்திருக்காரு. கோவிந்தம்மா வூட்ல என்னங்க வெசயம்?"

கோவிந்தம்மாள் வாசற்காலைப் பிடித்துக்கொண்டார்.

இன்னாசியம்மாள் தராசை எல்லாரும் பார்க்கத் தூக்கிக் காட்டி, தெருவுக்கே கேட்கும்படி, "தராசு ரிப்பேருங்க! ரெண்டு நாளாத் தப்பாவே காட்டுது" என்று சொல்லி, அதைப் புறங்கையால் பட்டென்று ஒரு தட்டுத் தட்டினார்.