பல் ஆஸ்பத்திரி அட்டை

எட்டாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு முடிந்த மறுநாள் எனக்குப் பல்வலி வந்தது. தேர்வுக்கு முன்னால் வந்திருந்தாலாவது அதனால் ஒரு பயன் இருந்திருக்கும்.

வலது பக்கம், கீழ்க் கடைவாய்ப் பல். முதலில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் மட்டும் சுருக்கென்றது. எங்கள் மலையூரான கொட்டச்சேட்டில் மார்கழியில் எந்தத் தண்ணீரும் குளிர்ந்த தண்ணீர்தான். பிறகு ஒன்றும் படாமலேயே வலித்தது. படுத்தால் காது வரைக்கும் விண் விண்ணென்று தெறிக்கும். எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் அடங்கும். கிராம்பை நசுக்கி வைத்ததில் நாக்குதான் மரத்தது. நாலாவது நாள் அம்மா காப்பி பறிக்கப் போகாமல் என்னைச் சேலத்துக்கு அழைத்துப் போனாள். மலை இறங்கும் இருபது கொண்டை ஊசி வளைவிலும் பஸ் திரும்பத் திரும்பப் பல்லும் உள்ளுக்குள் திரும்பியது.

பல் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். பிடுங்க வேண்டாம், வேருக்குள் நரம்பு அழுகியிருக்கிறது, அதை எடுத்துச் சுத்தம் செய்து அடைத்தால் பல் நிற்கும் என்றார். ஊசியைக் கையில் எடுத்ததும், “எறும்பு கடிக்கற மாதிரி இருக்கும் தம்பி” என்றார். காப்பிச் செடியில் இலையைச் சுருட்டிக் கூடு கட்டும் செவ்வெறும்பிடம் நான் கழுத்திலும் காதிலும் கடிபட்டிருக்கிறேன். எதுவும் இப்படிக் கடித்ததில்லை. பாதி முகம் மரத்து, என்னுடையதே இல்லாமல் போயிற்று. பல்லைக் குடைந்தார்கள். தலைமுடி மாதிரி மெல்லிய கம்பிகளை ஒவ்வொன்றாக உள்ளே விட்டு இழுத்தார்கள். ஒரு கம்பி எங்கோ மிச்சமிருந்த நரம்பைத் தொட்டபோது என் குதிகால் நாற்காலியை உதைத்தது. அந்த ஓர் இடத்துக்காக இரண்டாவது ஊசி.

எல்லாம் முடிந்தபோது அம்மா மாத்திரை வாங்க வரிசையில் நின்றிருந்தாள். டாக்டரம்மா ஓர் அட்டையை என்னிடம் கொடுத்தார்.

“இன்னிக்கு வெச்சது தற்காலிக அடைப்புதான். அடுத்த வாரம் வரணும். அப்புறம் இன்னொரு தடவை. அம்மாகிட்டச் சொல்லிடு. கெட்டிக்காரன்தானே நீ?”

வாயில் பஞ்சு இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். கரண்ட் பில்லோ உரமூட்டையில் அச்சடித்திருப்பதோ, எந்த எழுத்தாக இருந்தாலும் என்னிடம்தான் வரும். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வாசிப்பேன். நான் வாசித்ததுதான் வீட்டில் சட்டம். அன்றைக்கும் மலையேறும் பஸ்ஸில் அம்மா கேட்டாள்.

“என்ன எழுதியிருக்குது கண்ணு?”

பாதி மலையில் மரப்பு விட்டு, ஊசி போட்ட இடம் கடுக்கத் தொடங்கியிருந்தது. அட்டை முழுக்க ஆங்கிலம். அடியில் வரிசையாக மூன்று கட்டம். முதல் கட்டத்தில் ஒரு டிக்.

“வைத்தியம் முடிஞ்சுதுன்னு எழுதியிருக்குதும்மா. உப்புத்தண்ணில கொப்பளிக்கோணுமாம். ரெண்டு நாளைக்கு இந்தப் பக்கம் மெல்லக்கூடாதாம்.”

பின்னிரண்டும் உண்மை. அவற்றோடு சேர்த்து அனுப்பியதால் முதலாவதும் சிக்கலில்லாமல் போய்ச் சேர்ந்தது. அம்மா அட்டையை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“அவ்வளவுதானா சாமி?”

“அவ்வளவுதான்.”

வீட்டில் அப்பா சண்டைக்கே வந்துவிட்டார். அவர் உலகம் மிளகுக் கொடி. “வேரழுகல் வந்தா கொடியோட புடுங்கித் தீ வெக்கோணும். வேருக்குள்ளாற சொரண்டி எடுத்துப்போட்டா மேல பல்லு நிக்குமாமா? அந்த மருந்தை எங்கொடிக்கும் ரெண்டு சொட்டு வாங்கியாரதுதானே?”

மூன்று நாள் கஞ்சி குடித்தேன். மென்றால் ஓர் அழுத்தம் இருந்தது, அதுவும் போயிற்று. ஒரே வாரத்தில் கொய்யாவைக் கடித்தேன். அப்பா கட்சி மாறி, வேரில்லாமலும் பல் நிற்கும் என்று எதிரே வந்தவரையெல்லாம் நிறுத்தி என் வாயைத் திறந்து காட்டினார். அம்மா மட்டும் இரண்டு தடவை, “ஒருக்கா ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துருலாமா?” என்றாள். “அதான் முடிஞ்சுதுன்னு எழுதியிருக்குதே” என்றேன், கொஞ்சம் எரிச்சலோடு. அதற்குமேல் அவள் கேட்கவில்லை.

நாலாவது வாரம் சோற்றில் வெள்ளையாக ஒரு துணுக்கு வந்தது. கல் என்று சொல்லித் துப்பினேன். பல்லில் ஒரு குழி இருந்ததை நாக்கு மட்டும் அறிந்திருந்தது. பத்து நாள் கழித்துக் காலையில் ஒரு பக்கக் கண் பாதிதான் திறந்தது. கன்னம் அவ்வளவு வீங்கியிருந்தது. காய்ச்சல் வேறு. மறுபடியும் அதே பஸ், அதே வளைவுகள்.

டாக்டரம்மா அழுத்திப் பார்த்தார், நான் கத்தினேன். “உள்ள சீழ் கட்டியிருக்கு. அஞ்சு நாள் மாத்திரை சாப்பிடட்டும். அதுக்கப்புறம்தான் பல்லு நிக்குமா, எடுக்கணுமான்னு சொல்ல முடியும்.” பிறகு அட்டையைத் தட்டினார். “அடுத்த வாரமே வரச் சொன்னேனேம்மா. ஏன் கூட்டிட்டு வரலை?”

நான் கூரையில் இருந்த விளக்கைப் பார்த்தேன்.

“நானும் பாத்தனுங்க டாக்டரம்மா” என்றாள் அம்மா. “மூணு கட்டம் போட்டு ஒண்ணுலதானுங்க குறி இருந்துது. எங்க எஸ்டேட்டுல ஆள் கணக்கு எழுதற ரைட்டரும் பேருக்கு நேரா இப்படித்தான் கட்டம் போட்டு வெப்பாருங்க. காலியா இருந்தா வேலை பாக்கின்னு அர்த்தம். ஆனா படிச்ச புள்ளை முடிஞ்சுதுன்னு சொல்றப்ப, எனக்கு என்னங்க தெரியும்? ஆஸ்பத்திரிக் கணக்கு வேறயாட்டம் இருக்குதுன்னு உட்டுட்டேன்.”

அவள் குரலில் புகார் இல்லை. உண்மையிலேயே விளக்கம்தான் சொன்னாள். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். பிறகு பல்லைத் திறந்து சீழை வடித்தார். இந்தத் தடவை எவ்வளவு வலித்தும் நான் காலை உதைக்கவில்லை. ஆனாலும் மனசுக்குள் ஒரு நிம்மதி. மாட்டிக்கொள்ளவில்லை என்றுதான் நினைத்தேன்.

மாத்திரையில் வீக்கம் வடிந்தது. பல்லை எடுக்க வேண்டியிருக்கவில்லை. அடுத்த தடவை வேருக்குள் ரப்பர் மாதிரி எதையோ வைத்து அடைத்து, மேலே சிமெண்ட் பூசி, மூன்றாவது கட்டத்திலும் டிக் போட்டுக் கொடுத்தார்கள்.

பஸ் மலையேறியது. அம்மா அட்டையை எடுத்தாள். மூன்று கட்டத்தின் மேலும் விரலை ஒரு தடவை ஓட்டினாள். பிறகு அதை என் மடியில் வைத்தாள்.

“இப்ப என்ன எழுதியிருக்குது கண்ணு? படி.”

முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் ஓர் எழுத்து விடாமல் வாசித்துத் தமிழில் சொன்னேன். அவளுக்குப் படிக்கத் தெரியாததால் கேட்கிறாள் என்றுதான் அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.