ஓடாதுன்னு சொன்னவன்

திண்டிவனத்தில் என் மகள் மண்டிகளுக்கு பில் போடும் புரோகிராம் எழுதிக் கொடுத்துக்கினு இருந்தாள். மண்டிகள் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியதும் அதில் அந்தப் புரோகிராம் ஓடவில்லை. அவள் எழுதுவதைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்றுகிற கம்பைலர் பழசாம். கூட வேலை பார்த்த பையன் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கினே, "புதுக் கம்ப்யூட்டர்ல வந்திருக்கிற வசதியை எல்லாம் பழைய கம்பைலர்ல கூப்பிட்டு வேலை வாங்கவே முடியாதுக்கா, விட்டுடுங்க" என்றான். அவனை நம்பித் தொழிலை மூடினாள்.

அறுவடை முடிந்து மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, மூட்டையோடு விழுப்புரம் மண்டிக்குப் போனேன். அங்கே புதுக் கம்ப்யூட்டரில் மகளின் புரோகிராம் ஓடுகிறது. திரையின் மூலையில் அவள் வரைந்த மல்லாட்டைப் படம். முன்னால் அந்தப் பையன் உட்கார்ந்திருக்கிறான்.

"ஓடாதுன்னியேப்பா?"

"நேரா கூப்பிட்டாதான் ஓடாதும்மா. ஓடும்போது அந்த வசதியோட பேரைச் சொல்லி, அது எங்க இருக்குன்னு கம்ப்யூட்டரையே கேட்டுக்கணும். நாலு வரிதான்."

"அவகிட்ட ஏன் சொல்லல?"

"அவங்க கேக்கலையேம்மா."

கேட்டாளே! அன்றைக்கு அவன் சாப்பிடும்போது நான்தானே பக்கத்தில் நின்று பரிமாறினேன். மூட்டைக்கான காசை வாங்கிக்கினு பஸ் ஏறினேன்.

அவன் சொன்னதை அப்படியே வீட்டில் சொன்னதும் மகள் உட்கார்ந்து அந்த நாலு வரியை எழுதிப் பார்த்தாள். ஓடியது. தொழில் போனபோது அழாதவள், அது ஓடியதைப் பார்த்துத்தான் அழுதாள்.

பாசமாக யாராவது "முடியாதும்மா" என்றால் இப்போதெல்லாம் எனக்குப் பயமாக இருக்கிறது.