படகின் பிளக் என் மேசை லாச்சியில்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில், களனி கங்கை பெருகி வத்தளைப் பக்கத்துக் குறுகலான ஒழுங்கைகள் இடுப்பளவு நீரில் மூழ்கிய ஒரு காலையில் இது நடந்தது.

எங்கள் நலன்புரிச் சங்கத்தின் வெள்ள நிவாரணப் படகு அங்கே ஹெந்தளையில் ஓர் அங்கத்தவரின் வீட்டு வளவில் நிற்கும். அதன் பராமரிப்பு என் பொறுப்பு. கொழும்பில் கொட்டாஞ்சேனையிலுள்ள என் வீட்டிலிருந்து மாதந்தோறும் போய், பாசியைக் கழுவி, எஞ்சினைத் தண்ணீர்ப் பீப்பாயில் இறக்கி ஓடவிட்டு, பழைய பெற்றோலை மாற்றி, பதிவேட்டில் குறித்து வருவேன். மழைநீர் படகுக்குள் தேங்காமல் வடிந்துபோக, அடித்துளையை மூடும் பிளக்கைக் கழற்றிவிடுவேன். முன்பொருமுறை அது தொலைந்துபோனதால், அதை என் வீட்டு மேசை இழுப்பறையிலேயே வைத்துப் பூட்டியிருந்தேன்.

அன்று செய்தி கேட்டு நான் விரைந்து போய்ச் சேர்ந்தபோது, பிரசவ வலி கண்ட ஒரு பெண்ணை ஆம்புலன்ஸ் காத்துநின்ற பிரதான வீதிவரை கொண்டுசேர்க்க வேண்டியிருந்தது. அவரை ஏற்றியதும் படகோட்ட வந்த மீனவ அண்ணன் கயிற்றை இழுத்தார். ஒரே இழுப்பில் எஞ்சின் இயங்கியது. எனக்குள் பெருமை. நூறு அடி போவதற்குள் எங்கள் பாதங்கள் நனைந்தன.

"தங்கச்சி, பிளக் எங்க?"

"வீட்டில, மேசை லாச்சிக்குள்ள... பத்திரமா இருக்கு."

"படகு இங்க, பிளக் கொட்டாஞ்சேனையில! நல்ல பத்திரம்தான்."

வலிக்கு நடுவிலும் அந்தப் பெண் சிரித்துவிட்டார். "என்ட செருப்ப வெட்டுங்க அண்ணே. கால் வீங்கினதில போடவும் ஏலாது."

அண்ணன் ரப்பர்ச் செருப்பைக் கீற்றாக வெட்டி, இறுகச் சுருட்டித் துளைக்குள் அடித்து இறக்கினார். கசிந்த நீரை வாளியால் இறைத்துக்கொண்டே வந்தேன். ஆம்புலன்ஸ் கதவு மூடிய பிறகே வாளியைக் கீழே வைத்தேன். அன்று பின்னேரம் பெண் குழந்தை பிறந்தது.

அவர் சிரித்ததால் என் தவறு சிறிதாகிவிடவில்லை. பதிவேட்டில் எல்லா மாதங்களும் 'சரி' என்றே இருந்தன. அவசரத்தில் அந்தப் பிளக் யார் கைக்கு எட்ட வேண்டும் என்பதை மட்டும் நான் எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

இப்போது பிளக் நைலோன் கயிற்றில் துளையருகிலேயே தொங்குகிறது. படகு நிற்கும் ஒழுங்கையின் பெண்கள் மூவர் முறைவைத்து எஞ்சினை ஓடவிடுகிறார்கள். அவர்களில் ஒருவர், அன்று படகில் வந்தவர்தான். வானம் இருட்டும்போது அந்த நூறு அடி இன்னும் நினைவில் வந்து உறுத்துகிறது. ஆனாலும் நான் போய்ச் சேருமுன்பே படகு புறப்பட்டிருக்கும் என்பதில் எனக்கொரு நிம்மதி இருக்கிறது.