ஆயுத பூஜையன்று இருண்டுபோன கம்ப்யூட்டர்

என் குரலை மதுரை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். தொண்டையில் வந்த புற்றுநோய்க் கட்டியை எடுக்கும்போது குரல்வளையும் சேர்ந்து போய்விட்டது. கழுத்தில் ஒரு துளை இருக்கிறது, அதன் வழியாகத்தான் மூச்சு விடுகிறேன். திண்டுக்கல் காய்கறி மண்டியில் ஏலம் கூறியவன் நான். நான் தக்காளிக்கு விலை கேட்டால் ரோட்டில் போகிற பஸ்காரன் திரும்பிப் பார்ப்பான். இப்போது என் வீட்டுக்காரியைக் கூப்பிட வேண்டும் என்றால் கை தட்டுகிறேன்.

ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் சொன்னார்: "பேசணும்னு தோணுறதை எல்லாம் பேசிப் பதிஞ்சு வச்சுக்கங்க." வீட்டில் இருந்த பழைய கம்ப்யூட்டரில் மைக்கை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். என்ன பேசுவதென்று யாருக்குத் தெரியும்? பேப்பர் படித்தேன். கத்திரிக்காய் ஏலம் கூறினேன். பஸ் ஸ்டாண்டில் கத்துகிற மாதிரி பழனி, ஒட்டன்சத்திரம், குஜிலியம்பாறை என்று ஊர்ப்பெயர்களைச் சொன்னேன். வீட்டில் தினமும் பேசுகிற பேச்சையும் பேசி வைத்தேன். அவள் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தாள். ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய பிறகு ஒருமுறை அதைப் போட்டுக்காட்டப் போனேன். "வேணாங்க, என்னால கேக்க ஏலாது" என்று சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் நானும் போடவில்லை.

இந்த வருஷம் ஒரு புரோகிராம் பற்றிக் கேள்விப்பட்டேன். பதிந்து வைத்த குரலைக் கொடுத்துவிட்டால், நாம் டைப் அடிப்பதை நம் குரலிலேயே அது பேசுமாம். ஆனால் அதற்குப் புது விண்டோஸ் வேண்டும். புது விண்டோஸ் ஏற வேண்டுமானால் கம்ப்யூட்டர் எழுந்திருக்கிற முறையையே மாற்ற வேண்டும். ஆன் செய்ததும் முதலில் விழித்து, டிஸ்க்கைத் தட்டி எழுப்புகிற ஒரு ஏற்பாடு உள்ளே இருக்கிறது. அதில் பழைய முறை, புது முறை என இரண்டு. டிஸ்க்கையும் புது முறைக்கு மாற்ற வேண்டும், கம்ப்யூட்டரின் செட்டிங்கிலும் புது முறை என்று சொல்ல வேண்டும். ஒன்று மாறி இன்னொன்று மாறாமல் நின்றால் ஒன்றும் எழுந்திருக்காது. வீடியோ பார்த்துப் பார்த்து இம்புட்டும் கற்றுக்கொண்டேன். எல்லா வீடியோவிலும் முதலில் ஒரு நகல் எடுத்து வையுங்கள் என்றார்கள். என் குரலுக்குப் பென் டிரைவில் நகல் இருந்தது. எனக்கென்ன பயம்?

ஆயுத பூஜையன்று காலையிலேயே வேலையை ஆரம்பித்தேன். பூஜை நேரத்துக்குள் அந்தப் புரோகிராமை ஏற்றிவிட்டால், சாமிக்கு முன்னால் என் குரலில் ஒரு வார்த்தை பேச வைக்கலாம் என்று ஆசை. அவள் கிரைண்டர், மிக்ஸி, தையல் மெஷின், அரிவாள்மனை என்று வரிசையாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். டிஸ்க் மாறிவிட்டது என்று கம்ப்யூட்டர் சொன்னது. செட்டிங்கிற்குள் போய்ப் புது முறையைத் தேர்ந்தெடுத்துச் சேமித்தேன். திரை இருண்டது. மறுபடி எழுந்திருப்பதற்கான இருட்டு அது.

அந்த நேரம் பார்த்து அவள் ஈரத்துணியோடு வந்தாள். அவள் கை சுவிட்ச் போர்டுக்குப் போவதைப் பார்த்தேன். நிறுத்து என்று கத்த வாயைத் திறந்தேன். கழுத்துத் துளை வழியாகக் காற்றுதான் வந்தது. நான் கை தட்டுவதற்குள் பிளக் அவள் கையில் இருந்தது.

"என்னங்க? ஆஃப் ஆகித்தான கெடந்துச்சு?" என்றாள்.

அவள் மேல் தப்பில்லை. இருண்ட திரையைப் பார்த்தால் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். ஈரத்துணியால் பெட்டியை ஒரு துடைப்புத் துடைத்து, பிளக்கைச் சொருகிவிட்டு, அடுத்து ஃபேனுக்குப் போனாள். நான் ஆன் செய்தேன். கறுப்புத் திரையில் ஒரே ஒரு வெள்ளை வரி வந்தது. எழுப்புவதற்கு டிஸ்க் எதுவும் இல்லை என்றது. அணைத்துப் போட்டேன். அதே வரி. மாற்றம் பாதியில் அறுந்து டிஸ்க்கே போய்விட்டது என்று முடிவு செய்துகொண்டேன். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

ஓடிப்போய் அலமாரியில் இருந்து பென் டிரைவை எடுத்து டிவியில் சொருகினேன். முருகன் பாட்டு வந்தது. அடுத்ததும் முருகன் பாட்டு. கடைசிவரை முருகன் பாட்டுதான். அவளை இழுத்துவந்து காட்டினேன். அவள் தன் தம்பிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"தைப்பூசத்துக்கு வேனுல பாட்டுப் போட எடுத்துட்டுப் போனேன்க்கா. உள்ள ஏதேதோ கெடந்துச்சு, எடம் பத்தல, அழிச்சுட்டு ஏத்துனேன். பழனி வரைக்கும் நடந்தவுக எல்லாரும் அந்தப் பாட்டைக் கேட்டுக்கிட்டுத்தான் வந்தாக. ஏன், மச்சான் கோவிச்சுக்கிட்டாகளா?"

நான் போனில் டைப் அடித்து அவளிடம் நீட்டினேன். 'என் குரல் போச்சு. வேற எங்கயும் இல்ல.' அவள் படித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்காரருக்கு மெசேஜ் போட்டேன். 'சார், கடையில பூஜை. இன்னைக்கு ஸ்குரூ டிரைவரைக் கூடத் தொட மாட்டோம். நாளைக்குக் கொண்டு வாங்க' என்று பதில் வந்தது, கூடவே கும்பிடு போடுகிற ஒரு படம். திரும்பி வந்து பார்த்தால் எங்கள் வீட்டுப் பெட்டியின் நெற்றியிலும் சந்தனம், குங்குமம் ஏறியிருந்தது. நான் பட்டனுக்குக் கையைக் கொண்டுபோனேன். அவள் குறுக்கே வந்து நின்றாள்.

"பொட்டு வச்சாச்சுங்க. நாளைக்கு மறுபூஜை முடிச்சுட்டுத் தொடுவோம். உங்க உசுரைக் கேட்டு வேண்டுனவ நான். குடுத்த சாமிகிட்ட ஒரு நாள் பொறுக்கக் கூடாதா?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஊமை கண்ட கனவு என்பார்களே, ஊமை கொண்ட கோபம் அதைவிட மோசம். திட்டவும் முடியாது, டைப் அடித்துத் திட்டினால் பாதியிலேயே கோபம் ஆறிவிடும். ஆனாலும் நான் பட்டனை அமுக்கவில்லை. சாமிக்குப் பயந்தது பாதி. மீதியையும் சொல்லிவிடுகிறேன், அந்த வெள்ளை வரிக்குப் பயந்தேன். அமுக்காமல் இருக்கிறவரை உள்ளே குரல் இருந்தாலும் இருக்கும்.

பூசணிக்காய் உடைத்தோம். பொரி, கடலை, சுண்டல் எல்லாம் வைத்துச் சூடம் காட்டினாள். மிக்ஸிக்கும் தையல் மெஷினுக்கும் ஒரு சுற்று. கம்ப்யூட்டருக்கு முன்னால் மட்டும் தட்டு சுற்றிக்கொண்டே இருந்தது.

அன்று சாயந்திரம் வந்த பயம் வேறு மாதிரி. என் குரல் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்க்க முயன்றேன். அப்பாவின் குரல் ஞாபகம் வந்தது. மண்டி முதலாளியின் கரகரப்பு வந்தது. வியாபாரிகள் பேரம் பேசுவது வந்தது. என்னுடையது வரவில்லை. வாழ்நாள் முழுக்கக் கத்தியிருக்கிறேன், ஒருநாளும் காது கொடுத்துக் கேட்டதில்லை. அந்த டிஸ்க்கும் போய்விட்டால் நான் எப்படிப் பேசினேன் என்பது எனக்கே தெரியாமல் போய்விடும். செத்துப்போவதற்குக்கூட ஆஸ்பத்திரியில் நான் இப்படிப் பயந்ததில்லை.

காலையில் குளித்துவிட்டு வந்து மறுபூஜை செய்தாள். வழக்கப்படி பெட்டியைக் கொஞ்சம் வடக்கே நகர்த்தினாள். "இப்பப் போடுங்க" என்றாள். போட்டேன். அதே வெள்ளை வரி. "என்னால பாக்க ஏலாதுங்க" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மறுபடி செட்டிங்கிற்குள் போனேன். என்ன தேடுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. மூலையில் தேதி கண்ணில் பட்டது. எப்போதோ கடந்துபோன ஒரு வருஷத்தின் ஜனவரி ஒன்று என்று இருந்தது. அதற்குக் கீழே எழுந்திருக்கிற முறை: பழையது. நான்தான் புதியது என்று மாற்றினேனே? பிறகு விளங்கியது. பிளக்கைப் பிடுங்கினாலும் செட்டிங் மறக்காமல் இருக்க உள்ளே ஒரு சின்ன வட்ட பேட்டரி இருக்கும். அது எப்போதோ செத்துவிட்டது. அவள் பிளக்கைப் பிடுங்கியதும் கம்ப்யூட்டர் தேதியை மறந்தது, நான் சொன்ன புது முறையையும் மறந்து பழையதற்கே போய்விட்டது. டிஸ்க் மட்டும் புது முறையில் நின்றது. அதனால்தான் கம்ப்யூட்டரின் கண்ணில் அது படவில்லை.

விளங்கியதே தவிரப் பயம் போகவில்லை. இதுவும் என் ஆசைக்கு நானே கட்டுகிற கதையாக இருந்தால்? புது முறையைத் தேர்ந்தெடுத்துச் சேமித்தேன். திரை இருண்டது. மூச்சுத் துளையில் காற்று நின்றது. விண்டோஸின் நாலு நீலச் சதுரங்கள் வந்தன.

ஃபோல்டரைத் திறந்தேன். ஃபைல்கள் இருந்தன. பெயர்கள் இருந்தால் போதுமா, சத்தம் வர வேண்டாமா? முதலில் கைக்கு வந்ததை அமுக்கினேன். ஸ்பீக்கர் முழுச் சத்தத்தில் இருந்திருக்கிறது. வீடே அதிரக் கேட்டது:

"ஏ புள்ள! செத்த இங்க வந்துட்டுப் போ!"

"இந்தா வாரேங்க, பாலு அடுப்புல இருக்கு" என்று அடுப்படியிலிருந்து பதில் வந்தது.

அடுத்த நொடி அங்கே கரண்டி கீழே விழுந்தது. அவள் நிலைப்படியில் வந்து நின்றாள். என்னைப் பார்க்கவில்லை, ஸ்பீக்கரையும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "இன்னொரு தடவ கூப்புடுங்க" என்றாள்.