கடைக்காரர் போனில் எங்கள் லயம்

பிறப்புச் சான்றிதழுக்கு இணையத்தில் விண்ணப்பிக்க, கொட்டகலை பஜாரில், போட்டோகாப்பி, இணைய வேலையெல்லாம் செய்துதரும் ஒரு கம்யூனிகேஷன் கடைக்குப் போனேன். விண்ணப்பத்தில் போடும் நம்பருக்குத்தான் குறியீட்டு எண் வருமாம்; நானோ போனை வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தேன். "பரவாயில்லக்கா, என் நம்பரையே போட்டுர்றேன்" என்றார் கடைக்காரர். நானும் தலையாட்டினேன்.

பஸ்ஸில் ஏறியதும் மனது உறுத்தியது. மறுநாள் போனோடு போய், "என் நம்பருக்கு மாத்துங்க தம்பி" என்றேன்.

"நாங்க என்ன களவா எடுக்கப்போறோம்?" என்று முகம் சுளித்தபடி, தன் போனுக்கு என் விண்ணப்பம் பற்றி வந்த குறுஞ்செய்தியைத் தேடினார். எட்டிப் பார்த்தேன். விரல் தள்ளத் தள்ள, தோட்டத்தில் வரிசை வீடுகளாக இருக்கும் எங்கள் லயத்து ஆட்களின் பெயர்களாகவே வந்தன. நடுவில் என் கணவர் பெயர்!

அவர் நல்லவராகவே இருக்கட்டும். அந்தப் போன் தொலைந்தால், எங்கள் எல்லாருடைய விவரமும் யார் கைக்குப் போகும்?

இப்போது லயத்தில் யார் பஜாருக்குக் கிளம்பினாலும் வாசலில் மறித்துக் கேட்கிறேன்: "போன் எடுத்தாச்சா?" முதலில் மறித்தது என் வீட்டுக்காரரைத்தான்.